ராமானுஜரின் வாழ்க்கை வரலாற்று நூல்கள்: ஆதாரங்களும் ஐயங்களும்

ராமானுஜர் (மரபுக் கணக்குப்படி பொ.யு. 1017–1137) விசிஷ்டாத்வைத வேதாந்தத்துக்கு முழுமையான நூல்வடிவம் தந்த வைணவ ஆசாரியர். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர். காஞ்சிபுரத்தில் கல்வி கற்று, இல்லறம் நடத்தி, அங்கேயே துறவு பூண்டார். பின்னர் திருவரங்கத்தில் கோயிலையும் வைணவ சமூகத்தையும் வழிநடத்தினார். ஸ்ரீபாஷ்யம், வேதார்த்த சங்கிரகம், கீதா பாஷ்யம், வேதாந்த தீபம், வேதாந்த சாரம், மூன்று கத்யங்கள், நித்ய கிரந்தம் என ஒன்பது சம்ஸ்கிருத நூல்கள் அவர் பெயரில் உள்ளன. இவற்றில் ஆளவந்தாருக்கு வணக்கம் உண்டு. மாற்றுக் கொள்கையினருக்கு மறுப்பு உண்டு. ஆனால் தான் எங்கே பிறந்தேன், யாரிடம் கற்றேன், யாரால் துன்புற்றேன் என்று ராமானுஜர் எதுவும் எழுதவில்லை. அவர் வாழ்க்கையைப் பற்றி இன்று சொல்லப்படுபவை ஏறத்தாழ அனைத்தும் பிறர் எழுதிவைத்தவை. அவற்றிலும் பெரும்பகுதி அவர் மறைந்து நெடுங்காலம் கழித்து எழுதப்பட்டவை.

அந்த வாழ்க்கை இன்று பலருக்கும் தேவைப்படுகிறது. இந்திரா பார்த்தசாரதியின் ‘ராமானுஜர்’ நாடகம் 1999-க்கான சரஸ்வதி சம்மான் விருதைப் பெற்றது. பகுத்தறிவாளரான மு. கருணாநிதி 2015-இல் ராமானுஜரைப் பற்றித் தொலைக்காட்சித் தொடர் எழுதினார். 2022 பிப்ரவரியில் ஹைதராபாத் அருகே முச்சிந்தலில் 216 அடி உயரச் சிலை ‘சமத்துவச் சிலை’ என்ற பெயரில் திறக்கப்பட்டது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத தரப்புகள் ஒரே மனிதரைச் சமத்துவத்தின் முன்னோடி என்கின்றன. இந்தச் சித்திரம் எந்த நூலிலிருந்து வருகிறது, அந்த நூலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி ஆகவே வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

மூல நூல்கள்

காலத்தால் மிக நெருக்கமானது திருவரங்கத்தமுதனாரின் இராமானுச நூற்றந்தாதி. 108 பாடல்கள் கொண்டது; பின்னாளில் நாலாயிரத்தோடு சேர்த்து ஓதப்பட்டது. அமுதனார் முதலில் திருவரங்கம் கோயில் நிர்வாகத்தைத் தன் கையில் வைத்திருந்தவர் என்றும், கூரத்தாழ்வானின் முயற்சியால் ராமானுஜரின் அடியவரானவர் என்றும் மரபு சொல்கிறது. அதிகாரத்தை விட்டுக்கொடுத்தவரே பாடிய நூல் என்பதால் இதன் சாட்சியத்துக்குத் தனி எடை உண்டு. ஆனால் இது துதிநூல். ராமானுஜர் எதை நிலைநாட்டினார், எதை மறுத்தார், ஆழ்வார்கள் மீது எப்படிப்பட்ட பற்றுக் கொண்டிருந்தார் என்பதை இதிலிருந்து அறியலாம். வாழ்க்கை நிகழ்ச்சிகளின் வரிசையை இதில் தேடினால் கிடைக்காது.

வடுக நம்பி எழுதியதாகச் சொல்லப்படும் யதிராஜ வைபவம், கருடவாகன பண்டிதரின் திவ்யசூரி சரிதம் ஆகிய சம்ஸ்கிருத நூல்களை மரபு ராமானுஜரின் சமகாலத்தவை என்று கொள்கிறது. திவ்யசூரி சரிதத்தின் காலம் பற்றி ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. கருடவாகனர் என்பது திருவரங்கம் கோயில் மருத்துவசாலையோடு தொடர்புடைய குடும்பத்தில் தலைமுறைகளாக வந்த பெயர். ஒரு பெயரை மட்டும் வைத்து நூலை 12-ஆம் நூற்றாண்டில் நிறுத்துவது கடினம்.

எல்லாக் கதைகளுக்கும் ஊற்றாக நிற்பது பின்பழகிய பெருமாள் ஜீயரின் ஆறாயிரப்படி குருபரம்பரா பிரபாவம். மணிப்பிரவாள நடையில் எழுதப்பட்டது. ஆசிரியர் நம்பிள்ளையின் சீடர் என்பதால் மரபு இதை 13-ஆம் நூற்றாண்டில் வைக்கிறது. வடகலை மரபுக்கு மூன்றாம் பிரம்மதந்திர ஸ்வதந்திர ஜீயரின் மூவாயிரப்படி இருக்கிறது. இதற்கெல்லாம் பின்னர் அனந்தாசாரியரின் பிரபந்நாம்ருதம், திருவரங்கம் கோயிலின் நிர்வாகக் குறிப்பேடான கோயிலொழுகு ஆகியவை வருகின்றன. கோயிலொழுகு ஒரே கையில் எழுதப்பட்டதல்ல. காலந்தோறும் சேர்க்கப்பட்டும் திருத்தப்பட்டும் வந்தது. கோயிலில் யாருக்கு எந்த உரிமை என்ற வழக்குகளில் இது சான்றாகப் பயன்பட்ட நூல் என்பதை இதைப் படிப்பவர் மறக்கக் கூடாது. ‘உடையவர் காலத்திலிருந்தே இப்படித்தான்’ என்று சொன்னால் உரிமை உறுதிப்படும்.

காஞ்சிபுரக் கதைகள்: யாதவப்பிரகாசர்

காஞ்சிபுரத்துக்கு வருபவர் இன்றும் இந்தக் கதைகளின் நடுவேதான் நடக்கிறார். சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் அனந்தசரஸ் குளம், ஆளவந்தார் தொலைவிலிருந்து இளைஞர் ராமானுஜரைப் பார்த்ததாகச் சொல்லப்படும் கரியமாணிக்கப் பெருமாள் சன்னதி, ஊருக்கு வெளியே சாலைக் கிணறு, வேலூர் சாலையில் திருப்புட்குழி, சற்றுத் தள்ளிக் கூரம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. கதைகள் ஊரைத் தெரிந்தவர்களால் சொல்லப்பட்டவை என்பதற்கு இது சான்று. அவை நடந்தவை என்பதற்கு இது மட்டும் போதாது.

குருபரம்பரை சொல்வது இது. ராமானுஜர் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் படித்தார். சாந்தோக்கிய உபநிடதத்தில் இறைவனின் கண்களைத் தாமரைக்கு ஒப்பிடும் இடத்தில் ‘கப்யாசம்’ என்ற சொல்லுக்குக் குரங்கின் பின்புறத்தைச் சுட்டி ஆசிரியர் பொருள் சொன்னார். அப்போது ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாணவரின் கண்ணீர் அவர் தொடையில் சுட்டது. இப்படித் தொடங்கிய மனவேற்றுமை வளர்ந்தது. கங்கை யாத்திரையில் ராமானுஜரைக் கொன்றுவிட ஆசிரியர் திட்டமிட்டார். தம்பி முறையான கோவிந்தன் எச்சரிக்க, ராமானுஜர் விந்தியக் காட்டில் பிரிந்து சென்றார். வேடன் வேடுவச்சி உருவில் வந்த வரதனும் பெருந்தேவியும் ஒரே இரவில் அவரைக் காஞ்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். வேடுவச்சியின் தாகத்துக்கு அவர் நீர் எடுத்துத் தந்த கிணறுதான் சாலைக் கிணறு.

இந்தக் கதையைச் சோதிக்க நம்மிடம் ஓர் அரிய வாய்ப்பு இருக்கிறது. ராமானுஜரே வேதார்த்த சங்கிரகத்தில் கப்யாசம் என்ற சொல்லுக்கு விளக்கம் தருகிறார். கதிரவனால் மலர்ந்த தாமரை என்று பொருள்படும் விளக்கம் அது. ஆக, அந்தச் சொல்லைப் பற்றிய கருத்து வேறுபாடு கற்பனை அல்ல. ஆனால் குரங்கு உவமையைச் சொல்லும் உரை இன்றும் நம் கையில் இருக்கிறது. அது ஆதி சங்கரருடைய சாந்தோக்கிய பாஷ்யம். கதை அதை யாதவப்பிரகாசரின் வாயில் வைக்கிறது.

இதைவிட முக்கியமானது, பிரபலமான வரலாறுகள் யாதவப்பிரகாசரை அத்வைதி என்றே அறிமுகப்படுத்துகின்றன என்பது. ராமானுஜர் அப்படி நினைக்கவில்லை. வேதார்த்த சங்கிரகத்தில் அவர் சங்கரர், பாஸ்கரர், யாதவப்பிரகாசர் ஆகிய மூவரின் கொள்கைகளையும் தனித்தனியாக எடுத்து மறுக்கிறார். யாதவப்பிரகாசரின் கொள்கை பேதாபேதம்: பிரம்மத்துக்கும் உலகுக்கும் வேற்றுமையும் உண்டு, ஒற்றுமையும் உண்டு என்பது. உலகம் உண்மையானது என்பதில் அவர் சங்கரரைவிட ராமானுஜருக்கு அருகில் நிற்கிறார். பிற்காலத்தில் வைணவத்துக்கு அத்வைதமே முதன்மை எதிரியானபோது, பழைய ஆசிரியருக்கும் அந்த எதிரியின் முகத்தைப் போட்டுவிட்டார்கள் என்பதுதான் பொருத்தமான விளக்கம். மறுக்கும்போதும் ராமானுஜர் தன் ஆசிரியரின் நடத்தையைப் பற்றி ஒரு சொல் கூடச் சொல்லவில்லை. கொலைத்திட்டம் குருபரம்பரையில் மட்டும்தான் இருக்கிறது.

அதே கதையின் முடிவுக்கு வேறுவகையான ஆதரவு கிடைக்கிறது. யாதவப்பிரகாசர் முதுமையில் தன் மாணவருக்கே சீடராகி, கோவிந்த ஜீயர் என்ற பெயரில் துறவியானார் என்றும், துறவியர் ஒழுக்கம் பற்றி ஒரு நூல் எழுதினார் என்றும் மரபு கூறுகிறது. யாதவப்பிரகாசர் பெயரில் யதிதர்ம சமுச்சயம் என்ற நூல் உண்மையிலேயே இருக்கிறது. பாட்ரிக் ஒலிவெல் அதை 1995-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ‘இதெல்லாம் கட்டுக்கதை’ என்று ஒரே வீச்சில் தள்ளிவிட முடியாததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஒரே கதையில் ஒரு பகுதிக்குச் சான்று இருக்கிறது, ஒரு பகுதி நூலோடு முரண்படுகிறது, ஒரு பகுதியைப் பற்றி எதுவும் சொல்ல முடியவில்லை.

தஞ்சம்மாள்

ராமானுஜரின் மனைவி தஞ்சம்மாள். வேளாளரல்லாத, அந்தணரல்லாத வைசியக் குலத்தவரான திருக்கச்சி நம்பி உண்டுபோன இடத்தை அவர் தீட்டுக் கழித்தார்; பசித்து வந்த வைணவரை இல்லையென்று அனுப்பினார்; கிணற்றடியில் பெரிய நம்பியின் மனைவியோடு சண்டையிட்டார். மூன்று குற்றங்களுக்குப் பின் ராமானுஜர், மாமனார் எழுதியதுபோல் ஒரு பொய்க் கடிதம் தயாரித்து அவரைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டு, அனந்தசரஸ் கரையில் துறவு ஏற்றார் என்கிறது மரபு.

புனிதர் வரலாறுகளை ஆராய்பவர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். நாயகனுக்குப் பெருமை சேர்க்காத செய்தி ஒன்று அடியார்கள் எழுதிய நூலிலேயே இருந்தால், அதை அவர்கள் கற்பனை செய்திருக்க மாட்டார்கள் என்பது அது. அதன்படி பொய்க் கடிதத்துக்கு நம்பகத்தன்மை கூடுகிறது. எனினும் இந்த அளவுகோலை இங்கே முழுதாக நம்ப முடியாது. மூன்று குற்றங்கள் என்ற கட்டுக்கோப்பு கதைசொல்லிகளுடையது. கதை எழுதியவர்களுக்கு அந்தக் கடிதம் வெட்கமாகத் தோன்றியதாகவும் தெரியவில்லை. பொல்லாத மனைவியிடமிருந்து விடுபட்ட சாமர்த்தியமாகவே அதைச் சொல்கிறார்கள். தஞ்சம்மாளின் தரப்பை எழுதியவர் யாருமில்லை. நவீன வரலாற்றாசிரியர்களிலும் பெரும்பாலோர் இந்தப் பகுதியைக் கேள்வியின்றிக் கடந்துவிடுகிறார்கள்.

காலக் கணக்கு

ராமானுஜர் பிங்கள ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் பிறந்து, பிங்கள ஆண்டு மாசி மாதத்தில் மறைந்தார் என்பது மரபு. தமிழ் ஆண்டுச் சக்கரம் அறுபது. 1017-உம் பிங்கள, 1137-உம் பிங்கள. இரண்டு முழுச் சக்கரம், 120 ஆண்டு. இதுவே நிறைவாழ்நாளுக்கான மரபு எண். சோதிடத்தில் தசைகளின் மொத்தக் கூட்டுத்தொகையும் இதே 120 தான். இவ்வளவு அழகாகப் பொருந்தும் வாழ்நாள் பதிவேட்டிலிருந்து வந்திருக்குமா, கணக்கிலிருந்து வந்திருக்குமா என்று ஐயப்படாமல் இருக்க முடியாது.

சிக்கல் அழகில் மட்டும் இல்லை. மேல்கோட்டையில் திருநாராயணர் திருமேனியை ராமானுஜர் கண்டெடுத்தது வெகுதானிய ஆண்டு என்கிறது மரபு. அது 1098–99. அவரை ஆதரித்ததாகச் சொல்லப்படும் ஒய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் ஆட்சிக்கு வந்தது 1108 அளவில்தான். துரத்தியதாகச் சொல்லப்படும் சோழனோ இன்னும் சிக்கலானவன். அவனைக் கீழே பார்ப்போம்.

ராமானுஜரின் காலத்தைப் பின்னுக்குக் கொண்டுவந்து 1077–1157 என்று கொள்ளலாம் என்பது மாற்றுக் கருத்து. தி.நா. சுப்பிரமணியம் முன்வைத்ததை ஜான் கார்மன் 1974-இல் வெளிவந்த தன் நூலில் எடுத்துப் பேசினார். ஸ்ரீபாஷ்யம் சக ஆண்டு 1077-இல், அதாவது 1155–56-இல், முடிந்தது என்ற ஒரு குறிப்பு இதற்கு அடிப்படை. 1077-உம் ஒரு பிங்கள ஆண்டுதான் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டின் பெயர் சரியாக நினைவில் நின்று, அது எந்தச் சக்கரத்துப் பிங்கள என்பது மட்டும் தவறியிருக்கலாம். பெயரால் ஆண்டைக் குறிக்கும் எந்த மரபிலும் இது எளிதில் நிகழும். எண்பது ஆண்டு வாழ்க்கை நம்புவதற்கும் எளிது. ஆனால் ராமானுஜரை அறுபது ஆண்டு நகர்த்தினால் ஆளவந்தாரையும் நகர்த்த வேண்டும்; ஒரு முடிச்சை அவிழ்க்க இன்னொன்று இறுகுகிறது. என் கணிப்பில் பின்தள்ளிய காலமே அரசியல் வரலாற்றோடு நன்றாகப் பொருந்துகிறது. எனினும் 2017-இல் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடியவர்களை இது நிறுத்தியிருக்காது.

சோழன் யார்?

சிவனைவிட உயர்ந்த பொருள் இல்லை என்று எழுதிக் கையொப்பமிடுமாறு சோழன் ஆணையிட்டான். ராமானுஜர் வெள்ளாடை உடுத்து மேற்கே சென்றார். அவருக்குப் பதிலாகக் காவியுடையில் அரசவை சென்ற கூரத்தாழ்வான், சிவம் என்பதை ஓர் அளவையின் பெயராக எடுத்துக்கொண்டு, அதைவிடப் பெரிய துரோணம் என்ற அளவை உண்டே என்று எழுதினார். விளைவாகக் கண்களை இழந்தார். உடன் சென்ற முதியவர் பெரிய நம்பியும் கண்ணிழந்து, வழியிலேயே உயிர் துறந்தார். இந்த அரசனைக் குருபரம்பரை நூல்கள் கிருமிகண்ட சோழன் என்கின்றன. கழுத்தில் புழு வைத்துச் செத்தவன் என்று பொருள். அது வசைப்பெயர், எந்த அரசனுக்கும் மெய்க்கீர்த்தியில் இல்லாதது.

முதலாம் குலோத்துங்கனே (1070–1120 அளவில்) அவன் என்று பலர் எழுதினர். மரபுக் காலக்கணக்கை ஏற்றால் வேறு வழியில்லை. ஆனால் திருவரங்கம் கோயிலிலேயே இவன் ஆட்சியாண்டுகள் குறித்த கல்வெட்டுகள் ஏராளம்; கோயிலுக்குக் கொடைகள் தடையின்றி வந்துகொண்டிருந்தன. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கும் இவன் கொடை உறுதி செய்தவன். நாடு முழுவதும் வைணவத்தை ஒடுக்கிய அரசன் என்ற சித்திரத்துக்கு இவன் பொருந்தவில்லை. இரா. நாகசாமி போன்ற கல்வெட்டறிஞர்கள் இத்தகைய சான்றுகளை முன்வைத்துக் குருபரம்பரைக் கதைகளைக் கடுமையாக மறுத்தார்கள்.

இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) கதை வேறு. தில்லைக் கோயிலை விரிவாக்கியபோது அவன் கோவிந்தராசப் பெருமாளை அங்கிருந்து பெயர்த்துக் கடலுக்கு அனுப்பியதை அவைப்புலவர் ஒட்டக்கூத்தர் பெருமையாகப் பாடுகிறார். இது வைணவர் சொன்ன புகார் அல்ல. செய்தவன் தரப்பிலிருந்து வந்த புகழ்ச்சி. வரலாற்றுச் சான்றாக இதற்கு நிகரானது இந்த விவகாரம் முழுவதிலும் இல்லை. அந்தப் பெருமாளின் உற்சவத் திருமேனியைக் கீழ்த்திருப்பதியில் ராமானுஜர் நிலைநிறுத்தினார் என்ற மரபும் இதையொட்டியது. இவனே கிருமிகண்டன் என்றால் மரபுக் கணக்கில் ராமானுஜர் நாட்டைவிட்டு ஓடும்போது அவருக்கு 116 வயதுக்கு மேல் ஆகியிருக்கும். இங்கேதான் 1077 கணக்கு உதவிக்கு வருகிறது.

கல்வெட்டுகளின் மௌனத்தை மட்டும் வைத்துத் துன்புறுத்தலே நடக்கவில்லை என்று சொல்வது மிகை. கல்வெட்டு கொடையைப் பதிவு செய்வதற்காக வெட்டப்படுவது. கண் பிடுங்கியதை யாரும் கோயில் சுவரில் வெட்டமாட்டார்கள். கூரத்தாழ்வான் திருமாலிருஞ்சோலை அழகர் மீது இயற்றிய சுந்தரபாஹு ஸ்தவத்தில் அரங்கத்தைப் பிரிந்திருக்கும் துயரமும் அங்கு மீளும் வேண்டுதலும் இருக்கின்றன. ஏதோ ஒரு காரணத்தால் அந்த வட்டம் திருவரங்கத்தை விட்டு விலகி இருக்க நேர்ந்தது என்பதை ஏற்கலாம். அது எவ்வளவு பரவலான ஒடுக்குமுறை, யார் ஆணையால் நடந்தது என்பவற்றை ஏற்பதற்கு இது போதாது.

ஒய்சளனும் சமணரும்

மேல்கோட்டைப் பகுதி வரலாற்றை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் பா.ரா. கோபால். கன்னட நாட்டுக் கல்வெட்டுகளைக் குருபரம்பரையோடு ஒப்பிட்டு அவர் எழுதிய நூல் 1983-இல் வந்தது. சமண மன்னன் பிட்டிதேவன் ராமானுஜரால் வைணவனாகி விஷ்ணுவர்த்தனன் ஆனான், வாதத்தில் தோற்ற சமணர்கள் செக்கிலிட்டு ஆட்டப்பட்டார்கள் என்பது பிற்கால மரபு. வாதமே திரைக்குப் பின் ஆயிரந்தலை ஆதிசேஷன் உருவில் நடந்ததாம்.

1116-இல் தலைக்காட்டைச் சோழரிடமிருந்து வென்ற விஷ்ணுவர்த்தனன், 1117-இல் பேலூரில் விஜயநாராயணர் கோயிலை எழுப்பினான். அந்தப் பிரதிஷ்டைச் சாசனம் ராமானுஜரால் அரசன் மதம் மாறியதாகச் சொல்லவில்லை. அவன் அரசி சாந்தலை சமணராகவே இருந்து 1123-இல் சிரவணபெளகொளாவில் சமணக் கோயில் கட்டினாள். தளபதி கங்கராஜன் சமணன். 1133-இல் ஹளேபீடில் பார்சுவநாதர் கோயில் எழுந்தபோது, தன் வெற்றியும் மகன் பிறந்த செய்தியும் ஒருசேர வந்ததால் அந்தத் தீர்த்தங்கரருக்கு விஜயபார்சுவர் என்று பெயரிட்டு வணங்கியவன் இதே அரசன். ஆக, வைணவத்தின் மீது அவனுக்கு இருந்த ஈடுபாடு உண்மை. சமணர் அழிப்பு பொய். அடியார்கள் தம் ஆசாரியரின் புகழுக்காகச் சேர்த்த கொலைகளை வரலாற்றாசிரியர்தான் கழிக்க வேண்டியிருக்கிறது என்பது வேடிக்கை.

செல்வப்பிள்ளை கதை இன்னும் வெளிப்படையானது. மேல்கோட்டை உற்சவர் டில்லி சுல்தானின் அரண்மனையில் இருந்ததாகவும், ராமானுஜர் அங்கு சென்று அழைத்தபோது சலங்கை ஒலிக்க ஓடிவந்து மடியில் அமர்ந்ததாகவும், பிரிவு தாளாத சுல்தானின் மகள் பின்தொடர்ந்து வந்து பீபி நாச்சியார் ஆனதாகவும் கதை. டில்லி சுல்தானகம் தோன்றியது 1206-இல். எந்தக் காலக்கணக்கின்படியும் ராமானுஜர் அப்போது இல்லை. 1311-இல் மாலிக் காபூர் படையெடுப்புக்குப் பின் திருவரங்கத்து அழகிய மணவாளனைப் பற்றியும் இதேபோன்ற கதையும் துலுக்க நாச்சியாரும் உண்டு. 14-ஆம் நூற்றாண்டின் காயம் 12-ஆம் நூற்றாண்டு ஆசாரியரின் வாழ்க்கைக்குள் இடம்பெயர்ந்திருக்கிறது. ஒரு நூலில் இந்தக் கதை இருந்தால், அந்த நூலோ அந்தப் பகுதியோ எப்போது எழுதப்பட்டது என்பதற்கு அதுவே சான்று.

நவீன வரலாறுகள்

ஆங்கிலத்தில் ஆளுகொண்டவில்லி கோவிந்தாசாரியார் 1906-இல் எழுதிய வரலாறு குருபரம்பரையை ஏறத்தாழ அப்படியே தருகிறது. ராமகிருஷ்ணானந்தர் வங்காளியில் எழுதியது பக்தி நூல். பி.ஸ்ரீ. ஆச்சார்யாவின் ‘ஸ்ரீ ராமானுஜர்’ 1965-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நடை இனியது. தமிழ் வாசகர் மனத்தில் இன்று நிற்கும் ராமானுஜரை உருவாக்கியதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் சான்றுகளைப் பிரித்துப் பார்ப்பது அதன் நோக்கம் அல்ல. கல்வெட்டுகளைக் கொண்டு வைணவ ஆசாரியர்களின் காலத்தை நிறுவும் முயற்சி து.அ. கோபிநாத ராவின் சொற்பொழிவுகளில் (நூலாக 1923) தெளிவாகத் தொடங்குகிறது. கார்மன் வேறு வழியில் சென்றார். கதைகளை ஒதுக்கிவைத்து ராமானுஜரின் நூல்களுக்குள்ளேயே மனிதரைத் தேடினார். அதே சமயம் கதைகள் சமூகத்துக்கு எதைச் சொல்கின்றன என்பதையும் மதித்தார். எனக்குத் தெரிந்தவரை பக்தரும் ஐயவாதியும் ஒருசேரப் பயன்படுத்தக்கூடிய நூல் அது ஒன்றே.

ஒப்பீட்டுக்கு ஒன்று சொல்லலாம். அமெரிக்காவில் மார்மன் சமயத்தைத் தோற்றுவித்த ஜோசப் ஸ்மித் (1805–1844) அச்சுக்கூடங்களும் நீதிமன்றப் பதிவுகளும் உள்ள காலத்தவர். அந்தச் சமயக் குடும்பத்தில் பிறந்த ஃபான் பிராடி 1945-இல் அவரைப் பற்றி விமர்சன வரலாறு எழுதி, அடுத்த ஆண்டே சபையிலிருந்து விலக்கப்பட்டார். அறுபது ஆண்டுகளுக்குப் பின் 2005-இல் ரிச்சர்ட் புஷ்மன் என்ற நம்பிக்கையாளரே அதே ஆவணங்களை மறைக்காமல் இன்னொரு வரலாறு எழுதினார். ஸ்மித் தன் முதல் தரிசனத்தை 1832-இலும் 1838-இலும் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. ராமானுஜர் விஷயத்தில் நாம் ஒப்பிடுவது அவருடைய சொற்களை அல்ல. அவரைக் கண்டிராதவர்கள் சொன்னவற்றை. இங்கே யாரும் சபையிலிருந்து விலக்கப்படவில்லை. விமர்சன நூல்களைப் பெரும்பாலும் யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

கோபுரத்தின் மேல்

சமத்துவ ராமானுஜரின் மையக் காட்சி திருக்கோஷ்டியூர். பதினெட்டு முறை நடந்து நம்பியிடம் பெற்ற மறைபொருளை, நரகம் போனாலும் சரி என்று கோபுரத்தின் மேல் ஏறி ஊரெல்லாம் கேட்கச் சொன்னார் என்பது கதை. பழைய குருபரம்பரை வடிவங்களில் காட்சி இவ்வளவு பெரிதல்ல. அங்கே அவர் பொருளைச் சொல்வது கோயிலில் இருந்த ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு. எட்டெழுத்து மந்திரம் அவருக்கு மதுராந்தகத்தில் பெரிய நம்பியிடமே கிடைத்துவிட்டது. திருக்கோஷ்டியூரில் பெற்றது பொருள் விளக்கம். ஆசாரியர் விதித்த தடையை மீறினார் என்பதுதான் கதையின் பழைய கரு. சாதி வேறுபாடற்ற பெருங்கூட்டம் கதை கைமாறும்போது கூடிய கூட்டம்.

நூல்களைப் பார்த்தால் இடைவெளி இன்னும் அகலமாகிறது. ஸ்ரீபாஷ்யத்தில் அபசூத்ராதிகரணம் என்ற பகுதியில், வேதம் ஓதி பிரம்ம வித்தை பயிலும் உரிமை சூத்திரருக்கு இல்லை என்ற சூத்திரப் பொருளை ராமானுஜர் ஏற்றுத்தான் உரை எழுதுகிறார். சம்ஸ்கிருத நூல்களில் எங்கும் ஆழ்வார் பாடலை அவர் மேற்கோள் காட்டவில்லை. சரணாகதிக் கருத்தின் அடித்தளமான கத்யங்கள் அவர் எழுதியவைதானா என்று ராபர்ட் லெஸ்டர் 1966-இல் கேள்வி எழுப்பினார். கார்மன் அவருடையவை என்றே கொண்டார்.

ஆனால் இந்த இடத்தில் விமர்சகர்கள் அவசரப்படுகிறார்கள். பிரம்ம சூத்திர உரை என்பது அனைத்திந்திய வேதாந்திகளுக்காக, அவர்கள் ஏற்கும் பிரமாணங்களைக் கொண்டு எழுதப்படும் நூல். திருவரங்கத்தில் தமிழில் பேசியவர் வேறு என்பதற்குச் சான்று இருக்கிறது. திருவாய்மொழிக்கு முதல் உரையான ஆறாயிரப்படியை எழுதிய திருக்குருகைப்பிரான் பிள்ளான் ராமானுஜரின் நேர்ச்சீடர். வேளாளரான நம்மாழ்வாரின் பாடலுக்கு அவர் ராமானுஜரின் வேதாந்தச் சொற்களைக் கொண்டே பொருள் சொல்கிறார். கார்மனும் வசுதா நாராயணனும் 1989-இல் இதை விரிவாகக் காட்டினர். அமுதனாரின் அந்தாதியும் ராமானுஜரைத் தமிழ் மறையோடு இணைத்தே பாடுகிறது. திருக்கச்சி நம்பியை ஆசானாகக் கொள்ள அந்தண இளைஞர் ஒருவர் விரும்பினார் என்ற நினைவை, பிற்காலத்தில் சாதி இறுகிய பின்னும் இரு கலையாரின் நூல்களும் அழிக்காமல் வைத்திருக்கின்றன. வரதராஜப் பெருமாளிடம் கேட்டு ராமானுஜரின் ஐயங்களுக்கு ஆறு வார்த்தைகளில் விடை கொண்டுவந்தவர் ஆலவட்டம் வீசிய அந்த நம்பிதான். அவர் பிறந்த பூவிருந்தவல்லியிலும் காஞ்சியிலும் இன்றும் அவருக்குச் சன்னதி உண்டு.